குடும்ப எண் ஒன்று

இல்ல அண்ணாச்சி, இந்தப் பைய மேல வைக்க முடியாது. கோவிச்சுக்கிடாதிய. மேல வச்சா ஆடும், ஆடுனா போச்சு. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா நான் இந்தப் பக்கமா நெருக்கி உக்காந்துக்கிடுதேன்.

பலகாரம் எல்லாம் இல்ல. டிஸ்க்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்லா, ஹார்ட் டிஸ்க்கு, அது. துண்டுல சுத்தி, துண்டுக்கு மேல என் சட்டையச் சுத்தி வச்சிருக்கேன். மதுரையில ஒருத்தர் கெட்டுப்போன டிஸ்க்லேர்ந்து உள்ள இருக்கிறத எடுத்துக் குடுக்காராம். அங்க தான் போறேன்.

என்ன ஆச்சுன்னா கேக்கியளா? கேக்காதிய. கேட்டா அருப்புக்கோட்டை தாண்டியும் முடிக்கமாட்டேன். அவ்வளவு வயித்தெரிச்சல்.

என் பேரு ஜெரோன் மச்சாது. தூத்துக்குடிக்குத் தெக்க கடக்கரை ஊரு. எங்க பங்குக் கோயில் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா கம்ப்யூட்டர் நான் தான். கம்ப்யூட்டர் நான் தான்னா, அதுல என்ன இருக்கோ அதுக்கெல்லாம் நான் தான் பொறுப்பு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம். அதுல பெரிய வேலை கல்லறைத் தோட்டம். மொத்தம் ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது குழி. எந்தக் குழியில யாரு இருக்கா, அது எந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்னு ஒரு பட்டனத் தட்டுனா வரும். நான் எழுதி வச்சது. ஒரு செகண்ட். தட்டுனா வரும்.

வரும்னு சொல்லக்கூடாது. வந்துச்சு.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுதேன். நாலு நோட்டுன்னு வச்சுக்கிடுங்க. ஒண்ணுல குடும்பங்க. ஒண்ணுல செத்தவங்க. ஒண்ணுல குழி நம்பர், எந்த வரிசை, எந்த மூலைன்னு. நாலாவது நோட்டுல எழுத்து ஒண்ணும் இருக்காது, வெறும் நம்பர் தான். ஆனா அது தான் மத்த மூணையும் சேத்துக் கட்டுற நோட்டு. இந்தக் குடும்பத்து ஆளு இந்தக் குழியிலன்னு அது தான் சொல்லணும். முதல் மூணு நோட்டும் இப்பவும் பளபளன்னு இருக்கு. நாலாவது தான் போச்சு. செத்தவங்க இருக்காவ, குழியும் இருக்கு, யாரு எதுலன்னு தான் இல்ல.

இதுல என்ன பெரிய விஷயம், மண்ணுக்குள்ள போனவங்க எந்திரிச்சா ஓடப்போறாங்கன்னு நீங்க நினைக்கலாம். எங்க உபதேசியாரும் அப்படித்தான் சொன்னாரு. விஷயம் இருக்கு அண்ணாச்சி. தோட்டத்துல இடம் இல்ல. பதினஞ்சு வருஷம் தாண்டி, கல்லும் வைக்காம, எங்களுதுன்னு கையெழுத்துப் போட ஆளும் இல்லாத குழியப் பொங்கலுக்கு அப்புறம் திறக்கணும்னு பங்குப் பேரவையில முடிவெடுத்துட்டாவ. எலும்பு எடுத்துப் பொதுக்குழியில போட்டுட்டு, அந்த இடத்தைப் புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கணும். டிசம்பர் முப்பத்தொண்ணு கடைசி. ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டா ஒரு குழி. அவ்வளவு தான் கணக்கு. நாலாவது நோட்டு இல்லைன்னா யாரு வந்து எதுக்குக் கையெழுத்துப் போட? பொதுக்குழியில போட்டுட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

இதெல்லாம் யாரால? அந்த உபதேசியாரால.

லாசர்னு பேரு. கோயில்ல மணி அடிக்கிறது, பூசைக்கு எடுத்து வைக்கிறது, அடக்கத்துக்கு முன்னால சிலுவை தூக்கிட்டுப் போறது எல்லாம் அவரு. நல்ல மனுஷன் தான், இல்லைன்னு சொல்லல. அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாசம். மாதா சொரூபத்தைச் சின்னச் சப்பரத்துல வச்சு சாயங்காலம் தெருத் தெருவாக் கொண்டுபோவோம். சப்பரத்தைச் சுத்தி சீரியல் லைட்டு. போன வருஷம் வரைக்கும் வீட்டு வீட்டுக்கு வயர் இழுத்துச் சொருகுவாவ. இந்த வருஷம் இவருக்கு மூளை வேலை செஞ்சுட்டு. கரண்டு போனாலும் கம்ப்யூட்டர அணைய விடாம என் மேசைக்கு அடியில இருந்த யூபிஎஸ்ஸக் கழட்டி, சப்பரத்துக்கு அடியில வச்சு, மேல சீலையப் போட்டு மூடிட்டாரு. மாதா ஜெகஜ்ஜோதியாப் போறா. ஊரே கையெடுத்துக் கும்பிடுது. என் கம்ப்யூட்டர் செவுத்துல நேரா சொருகிக் கிடக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

பதினெட்டாந்தேதி சாயங்காலம் நாலரை. நான் உக்காந்து நாலாவது நோட்டுல தான் ஏத்திட்டு இருக்கேன். கரண்டு போச்சு. பொட்டுன்னு போச்சு. வந்தப்புறம் போட்டுப் பாத்தா மூணு நோட்டு திறக்குது, நாலாவது திறக்கல.

உபதேசியாரக் கூப்பிட்டுக் கேட்டா, "ஏன் தம்பி, மாதாவுக்குத் தானய்யா கொண்டுபோனேன், தப்பா?"ங்காரு. மாதாவுக்குன்னு சொன்னப்புறம் நான் எதச் சொன்னாலும் எனக்குத் தான் பாவம்.

பேக்கப் இல்லையான்னு கேக்கப் போறிய. எல்லாரும் அதத் தான் கேக்காவ. பங்குச் சாமியார் கேட்டாரு, பேரவைத் தலைவர் கேட்டாரு, மீன் வாங்கப் போன இடத்துல கூட ஒருத்தன் கேட்டான். எடுத்தேன் அண்ணாச்சி. தினமும் எடுத்தேன். பன்னெண்டு வருஷத்துல ஒருநாள் விட்டதில்ல, நான் லீவு போட்டாக் கூட அது தானா எடுத்துக்கிடும். எங்க எடுத்துச்சுன்னா, அதே டிஸ்க்குல பக்கத்து ஃபோல்டர்ல. அந்தப் பக்கமும் சேந்து போகும்னு யாரு கண்டா? எடுத்தது எடுத்தது தான்.

பழைய நோட்டும் ஒண்ணு இருந்துச்சு. காகித நோட்டு. குழி வெட்டுறவங்க வச்சிருந்தது. கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிச்சதும், இனி இது எதுக்கு சாமி, கரையான் தான் திங்குதுன்னு நான் தான் சொல்லி எடைக்குப் போடச் சொன்னேன். கரையான் அரிச்சது உண்மை. அதையும் இப்ப என் தலையில கட்டுதாவ.

சரி, நான் சும்மா இருக்கிற ஆளா? மூணு நாளு உக்காந்தேன். இந்த மாதிரி நோட்டு திறக்கலைன்னா வம்படியாத் திறக்க ஒரு வழி உண்டு. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் படி. ஒண்ணு மெல்லத் தட்டிப் பாக்கிறது. ஆறு கதவ ஒடைக்கிறது. ஒண்ணு ஆகல. ரெண்டு ஆகல. நாலாவதுல ஏதோ அசைஞ்சுது. ஆறாவதுல திறந்துட்டு. பாதி வந்துச்சு, ஆயிரத்து நானூத்து சொச்சம் வரி. அதுக்கு மேல ரிப்பேர் ஓட்டினேன். முடிச்சுட்டு ஓகேன்னு போட்டுச்சு. நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது, ஓகே. நான் நேரா எங்க பங்குச் சாமியார் அமல்தாஸ் சாமிகிட்ட போய் பாதி தப்பிச்சுட்டு சாமின்னு சொன்னேன். அவரும் பாவம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னாரு.

மறுநாளே வந்தா செலஸ்தீனக்கா.

அந்தக்கா பம்பாய்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனது. புருஷன் தவறிப் போனப்புறம் போன வருஷம் தான் ஊரோட வந்துட்டா. கல்யாணம் ஆன புதுசுல தலப்பிரசவத்துக்கு இங்க வந்திருந்தப்ப ஒரு பிள்ளை. ரெண்டே நாளு இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுத்து இங்க தான் வச்சாவ. கல்லு கிடையாது, ஒண்ணு கிடையாது. முப்பத்தஞ்சு வருஷம். போன வருஷம் என்கிட்ட வந்து கேட்டப்ப நான் பட்டனத் தட்டி நம்பர் எடுத்துக் குடுத்தேன். துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிட்டுப் போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வந்தா. சீட்டு எங்கயோ போச்சு. இப்ப திரும்ப வந்து நம்பர் கேக்கா. தட்டினேன். வந்துச்சு. பாத்தியளா அக்கா, உங்க பிள்ள தப்பிச்ச பாதியில இருக்குன்னு சந்தோஷமாச் சொன்னேன்.

அரை மணி நேரத்துல திரும்பி வந்துட்டா.

"தம்பி, அது இல்ல. அங்கன செத்துப்போன ஒரு ஏட்டையா பேரு போட்ட சிலுவை நிக்கி."

"அக்கா, கம்ப்யூட்டர் ஓகேன்னு சொல்லுதுக்கா."

"எம்பிள்ள இருக்கிற இடத்துல நின்னா கலங்கரை விளக்கு செவுத்துக்கு மேல ஒரு சாண் தெரியும் தம்பி. இங்க நின்னா தெரியவே இல்ல."

கலங்கரை விளக்கு! எந்த நோட்டுல எந்தக் கட்டத்துல இத ஏத்த? இருந்தாலும் போய்ப் பாத்தேன். ஏட்டையா சிலுவை நெசமாவே நிக்கி. பத்து வரி எடுத்து, கல்லு உள்ள குழியாப் பாத்துச் சோதிச்சேன். பத்துல ஏழு தப்பு. அப்பன் குழியில மருமக, மருமக குழியில யாரோ ஒரு சாமியார். ரிப்பேர் பண்ணும்போது வரியெல்லாம் தாறுமாறா ஒட்டிக்கிட்டு. இல்லாம இருந்தாக் கூடப் பரவால்ல அண்ணாச்சி, தப்பா இருக்கு, தப்பா இருந்துகிட்டு ஓகேங்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மானிட்டரத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பேன்.

அந்தக்கா அங்கயே நின்னுக்கிட்டு, "கல்லறைத் திருநாளு வருதுல்லா தம்பி, எல்லாரும் வந்து அவங்கவங்க இடத்துல தான நிப்பாவ"ன்னு ஏதோ சொல்லிட்டு இருந்தா. அப்ப தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நானா யோசிச்சது. நவம்பர் ரெண்டாந்தேதி சாயங்காலம் எங்க சனம் முழுக்கத் தோட்டத்துல இருக்கும். கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பூவப் போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, சாமியார் வந்து தண்ணி தெளிச்சு மந்திரிக்கிற வரைக்கும் அவங்கவங்க குழி பக்கத்துல தான் நிப்பாவ. யாரு எங்க நிக்காவளோ அத எழுதிட்டா நாலாவது நோட்டு வந்துட்டு.

அந்த ஒரு வாரம் நான் உக்காரல. ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது குழிக்கும் வரைபடத்தப் பாத்து நம்பர் சீட்டு அடிச்சு, குச்சியில ஒட்டி நட்டோம். மாதர் சங்கத்துப் பொம்பளைங்க இருபது பேரு, ஆளுக்கு ரெண்டு வரிசை. ஒவ்வொரு குழியாப் போய், யாரு, எந்தக் குடும்பம்னு எழுதிக்கிட்டு வந்து என்கிட்ட தரணும். நான் வாசல்ல மேசை போட்டு லேப்டாப்போட உக்காந்திருக்கேன். யூபிஎஸ் என் காலுக்கு இடையில. இந்தத் தடவை பென்டிரைவ்லயும் ஏத்துதேன், ரெண்டு பென்டிரைவ்.

அன்னைக்குப் பாக்கணும் அண்ணாச்சி. அப்படி ஒரு டேட்டா என் வாழ்க்கையில பாத்ததில்ல. ஒரு குழிக்கு அண்ணனும் தங்கச்சியும் வந்து நிக்காவ, ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமாப் பேச்சு கிடையாது. ஒருத்தரு தல மாட்டுல, ஒருத்தரு கால் மாட்டுல. ரெண்டு பேரும் தனித்தனியாப் பேரு குடுக்காவ. ஒரு குழிக்கு ரெண்டு வரி வரக்கூடாது, உங்களுக்குள்ள பேசி ஒண்ணாக் குடுங்கன்னு திருப்பி அனுப்பினேன். வேற வழியில்லாமப் பேசுனாவ. செலஸ்தீனக்கா மேக்குச் செவுத்துப் பக்கமா முன்ன ஒரு எட்டு, பின்ன ஒரு எட்டு வச்சுக் கழுத்தத் தூக்கிப் பாத்துக்கிட்டே நடந்தா. ஒரு இடத்துல நின்னா. மண்ணத் தடவிட்டு ஒரு மெழுகுவத்தியக் கொளுத்தினா. எழுதிக்கிட்டு வந்து தந்தாவ, நான் ஏத்தினேன். யாராரோ என் மேசையத் தாண்டிப் போறாவ, வாறாவ, பூவாசமும் பத்தி வாசமுமா இருக்கு, நான் தலைய நிமித்தல. மந்திரிப்பு முடிஞ்சு சாமியார் வெளிய வரும்போது ரெண்டாயிரத்து நானூத்து இருபத்து மூணு வரி. கையக் குடுத்து, "ஜெரோன், நீ தான் இன்னைக்கு எல்லாருக்கும் அவங்க ஆளத் திருப்பிக் குடுத்தே"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

மிச்சம் எவ்வளவு? இருநூத்துப் பதினேழு. யாருமே வந்து நிக்காத குழி. அதுல கிடக்கிறவங்க யாரு யாருன்னு கம்ப்யூட்டர் தானாச் சொல்லும். செத்தவங்க நோட்டுல உள்ள பேருல, வந்து நின்ன பேரெல்லாம் கழிச்சா மிச்சம். அந்த லிஸ்ட்ட அடிச்சு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நோட்டீஸ் போர்டுல ஒட்டினேன். நானே தான் ஒட்டினேன். பசை தடவி, ஓரம் எல்லாம் அமுக்கி விட்டேன்.

உபதேசியார் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து மேலேர்ந்து படிச்சாரு. முதல் வரியிலயே நின்னுட்டாரு.

"ஏன் தம்பி. இதுல உங்கப்பா பேரு கிடக்கே."

நான் சிரிச்சேன். நெசமாச் சிரிச்சேன். புரோகிராம்ல ஏதோ தப்புன்னு நினைச்சேன். போய்ச் சரிபாத்தேன். தப்பு இல்ல. குடும்ப எண் ஒண்ணு, மச்சாது. அன்னைக்கு வந்து நின்னவங்க யாரும் இல்ல.

நான் எப்பிடி அண்ணாச்சி நிக்க? நான் வாசல்ல டேட்டா ஏத்திட்டு இருந்தேன்லா? ஊருக்கே எழுதுறவன் பேர ஊரு எழுத வேண்டாமா? இருபது பொம்பளைங்க போனாவளே, ஒருத்திக்கு, ஜெரோன் அப்பா எங்கன்னு கேக்கத் தோணல பாருங்க. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. அம்மா நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டா, அவ ஊர்லயே அடக்கம். வேற யாரு வந்து நிப்பா?

சரி, போன வருஷம் எங்க நின்னேன்னு கேக்கியளா? போன வருஷமும் ஆபீஸ்ல தான் இருந்தேன். கல்லறைத் திருநாளுன்னா வெளியூர்க்காரங்க நம்பர் கேட்டு வரிசையில நிப்பாவ, விட்டுட்டு எப்பிடிப் போக? அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். கல்லு வைக்கணும்னு இருந்தேன். ஏத்தினப்புறம் கல்லு எதுக்குன்னு தோணிட்டு. கல்லு மழையில உப்புக்காத்துல போயிரும், இது போகாதுன்னு. எல்லாத்துக்கும் முன்னால சோதிச்சுப் பாக்க எங்கப்பாவத் தான் ஏத்தினேன். அதனால தான் குடும்ப எண் ஒண்ணு. தினமும் காலையில திறந்ததும் முதல் வரியா எங்கப்பா தான் வருவாரு. தினமும் பாப்பேன் அண்ணாச்சி. எந்தப் பிள்ள தினமும் அப்பாவப் பாக்கு?

ஆனா குழி நம்பர் மட்டும் மனசுல இல்ல. தட்டுனா வருதேன்னு விட்டுட்டேன்.

உபதேசியார் என்னத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு தான் அன்னைக்கு சிலுவை பிடிச்சவரு. "நல்ல மழை தம்பி அன்னைக்கு. ஆவணி மழை. கிழக்க, கிணத்துக்கு இந்தப் பக்கம். நீ குடையப் பிடிக்காம நின்ன, நான் தான் உனக்குப் பிடிச்சேன்"னாரு. எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. கிணத்துக்கு இந்தப் பக்கம் வெறும் மேடா மூணு கிடக்கு. ஆயிரத்து எண்ணூத்து நாலு, அஞ்சு, ஆறு. மூணுல ஒண்ணு தான். எதுன்னு அவருக்கும் தெரியல.

சாமியார்கிட்ட போனேன். மூணுக்கும் கையெழுத்துப் போடுதேன் சாமின்னேன். ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுன்னு ரூல் போட்ட பேரவையில நீயும் தான இருந்த, அந்த ரூல் நீ டைப் அடிச்சது தானன்னு சொல்லுதாரு. ஏதாவது ஒண்ணுக்குப் போட்டுட்டு, அது தப்பா இருந்தா? எவனோ ஒருத்தன் பத்திரமா இருப்பான், எங்கப்பா பொதுக்குழிக்குப் போவாரு.

செலஸ்தீனக்கா சொல்லுதா, "மூணு வத்தி வாங்கி மூணுலயும் வை தம்பி. மூணுல ஒண்ணு உங்கப்பாவுக்கு, மத்த ரெண்டு பேருக்கும் தான் யாரு இருக்கா?"ன்னு. எப்பிடி அண்ணாச்சி? ஒரு ஆளுக்கு ஒரு வரி. மூணு வரி போட்டா அது என்ன டேட்டா? தெரியாத இடத்துல போய் எப்பிடி நிக்க? முந்தாநாளு போய்ப் பாத்தா மூணு மேட்டுலயும் வத்தி உருகிக் கிடக்கு. அந்தக்கா வேல தான். என்னக் கேக்காம யாரு வைக்கச் சொன்னா? எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. கண்ணும் கலங்கிட்டு. நான் கிணத்துப் பக்கம் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். கிட்டப் போகல.

அதான் மதுரைக்குப் போறேன். போன்ல பேசினப்ப அந்தக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டாரு. "சார், அந்த ஆறாவது படி, ரிப்பேர் எல்லாம் காப்பி எடுத்து வச்சுட்டு, காப்பியில தானே ஓட்டுனீங்க?"ன்னு. நான் நேரா டிஸ்க்குல தான் ஓட்டினேன்னு சொன்னேன். அப்புறம், கரண்டு போனதுல ஒரு ஓரம் தான் போயிருக்கும் சார், மிச்சத்த நீங்க தான் கலைச்சிருக்கீங்க போலன்னாரு. இவரு வந்து பாத்தாரா? மதுரையில உக்காந்துக்கிட்டு சொல்லுதாரு. இருந்தாலும் வேற ஆளு இல்ல, போய்த் தான் ஆகணும். எல்லாத்தையும் எடுக்கிறது கஷ்டம், எது ரொம்ப முக்கியம்னு ஒண்ணச் சொல்லுங்கன்னும் கேட்டாரு. முதல் வரின்னு சொல்லிருக்கேன். முதல் வரி மட்டும் போதும்.

அப்பா எப்படிப்பட்ட ஆளா?

சந்தியாகு மச்சாது. பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தொண்ணு. இறந்தது ரெண்டாயிரத்து ஏழு, ஆகஸ்ட் பத்தொன்பது. தொழில் போட்டு எஞ்சின் மெக்கானிக். அப்புறம்... அப்புறம் என்ன. அதுக்கு மேல அந்த நோட்டுல நான் கட்டம் வைக்கலையே.

மாட்டுத்தாவணி வந்துட்டா? நீங்க முதல்ல இறங்குங்க, இடிச்சிரப் போறிய. எல்லாம் அந்த லாசரால. அந்த யூபிஎஸ் மட்டும் அன்னைக்கு மேசைக்கடியில இருந்திருந்தா, எங்கப்பா எங்க இருக்காருன்னு உங்களுக்கு இந்த பஸ்ல வச்சே ஒரு செகண்ட்ல சொல்லிருப்பேன் அண்ணாச்சி.